வெனீர் கழன்றதா, உடைந்ததா, கறுத்ததா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

வெனீர், அதாவது பல்மேல் ஒட்டிய மெல்லிய பீங்கான் தகடு, கையோடு வந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இப்பவே ஒட்டித் தர முடியுமா டாக்டர்?" பெரும்பாலும் முடியும். ஆனால் ஏன் கழன்றது என்று பார்க்காமல் ஒட்டினால், அதே தகடு கொஞ்ச நாளில் மறுபடி கையில் இருக்கும். இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில், எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது என்று எனக்குள் ஒரு வரிசை உருவாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு தலைப்பிலும் எளிதில் தீரும் காரணம் முதலில், பெரிய செலவு வைக்கும் காரணம் கடைசியில். வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது எது, எந்தக் கட்டத்தில் பல் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். கையில் இருக்கும் வெனீர் முட்டை ஓடு மாதிரி. தடிமன் 0.3 முதல் 0.7 மி.மீ. வரைதான், விரலால் அழுத்தினாலே ஒடியும். பல்லோடு முழுப் பரப்பும் ஒட்டிய பிறகுதான் அதற்குப் பலம் வருகிறது. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் பீங்கானைக் குறை சொல்வதற்கு முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும்: ஒட்டு, அடியில் இருக்கும் பல், மேலே விழும் கடி.

## முதலில், உங்கள் வாயில் இருப்பது என்ன பொருள்?

இது தெரியாமல் எந்த மருத்துவரும் சரியாகப் பழுது பார்க்க முடியாது. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு "வெனீர்" என்பதற்கு மேல் தெரிவதில்லை. போட்ட இடத்தில் கேட்டு, பொருளின் பெயரையும் ஒட்டிய சிமென்டின் பெயரையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும்: காம்போசிட் (பல் நிறப் பிசின்), ஃபெல்ட்ஸ்பார் பீங்கான், லித்தியம் டைசிலிக்கேட் (கண்ணாடி கலந்த பீங்கான்), ஜிர்கோனியா. வளைக்கும் விசையைத் தாங்கும் அளவில் ஃபெல்ட்ஸ்பார் 100 மெகாபாஸ்கலுக்கு (உறுதியை அளக்கும் அலகு) உள்ளேதான் நிற்கும். லித்தியம் டைசிலிக்கேட் 400 பக்கம் வரும். வழக்கமான ஜிர்கோனியா 900-ஐயும் தாண்டும். இதைப் பார்த்துவிட்டு ஜிர்கோனியாதான் கழலாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஃபெல்ட்ஸ்பாரையும் லித்தியம் டைசிலிக்கேட்டையும் அமிலம் அரித்து, சிமென்ட் பிடித்துக்கொள்ள நுண்ணிய குழிகளை உண்டாக்கும். ஜிர்கோனியாவில் அந்த அமிலம் வேலை செய்யாது, அதற்கு வேறு வழி வேண்டும். பொருள் உறுதியாக இருப்பது வேறு, ஒட்டு உறுதியாக இருப்பது வேறு.

## அறிகுறி 1: வெனீர் முழுசாகக் கழன்று வந்துவிட்டது

### உடனே செய்ய வேண்டியவை

தண்ணீரில் மெதுவாக அலசி, மூடியுள்ள ஒரு சிறிய கெட்டியான டப்பாவில் போடுங்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் யாராவது குப்பை என்று எறிந்துவிடுவார்கள். அப்படித் தொலைந்த வெனீர்கள் ஏராளம். உட்புறத்தைச் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். அங்கே ஒட்டியிருப்பதும் ஒட்டாமல் விட்டதும்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம்.

சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள். அது தடிமனாக உறைந்து வெனீரைத் தன் இடத்தில் உட்கார விடாது, ஈறைப் புண்ணாக்கும். பிறகு அதைச் சுத்தம் செய்யும்போதே நல்ல வெனீர் உடைந்துபோகும். ஒட்டாமல் பல்மேல் வெறுமனே பொருத்திக்கொண்டு தூங்கவும் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போனால் அது பல் பிரச்சினையாக நிற்காது.

### உட்புறம் சொல்லும் கதை

ஜன்னல் வெளிச்சத்தில் வெனீரை உட்புறம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் நாக்கு நுனியால் பல்லைத் தடவிப் பாருங்கள்.

வெனீரின் உள்ளே சுத்தமாக இருக்கிறது, பல்மேல் சொரசொரப்பாக ஏதோ படிந்திருக்கிறது. சிமென்ட் பல்லோடு தங்கிவிட்டது, பீங்கான் பக்கம்தான் விட்டிருக்கிறது. இருப்பதில் நல்ல செய்தி இதுதான். பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதே வெனீரை முறைப்படி தயார் செய்து ஒட்டினால் நிற்கும்.

வெனீருக்குள் பால் நிறத்தில் மங்கலாக ஒரு படலம், பல்மேல் ஒன்றும் இல்லை. பல் பக்கம் விட்டிருக்கிறது. ஒட்டும்போது எச்சிலோ ரத்தமோ பட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலே இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது காரணம் கொஞ்சம் கவலை தரக்கூடியது.

இரண்டிலும் பாதி பாதி. கடியின் விசையை முதலில் சந்தேகப்படுங்கள்.

பழுப்பு நிறம், மெத்தென்ற இடம், நாற்றம். அடியில் சொத்தை. ஒட்டு போனது அதன் விளைவு. இதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, மருத்துவரிடம் போங்கள்.

வெனீருக்குள் பல்லின் துண்டே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்கே போக வேண்டும்.

ஒருவர் தன் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் வெனீரோடு வந்தார். மூன்று முறை கழன்றுவிட்டது, மூன்று முறையும் வேறு வேறு சிமென்ட் போட்டு ஒட்டியிருந்தார்கள். லித்தியம் டைசிலிக்கேட் தகடு அது. விளக்குக்கு அடியில் திருப்பினேன். உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தது. அமிலம் சரியாகப் பட்டிருந்தால் காய்ந்ததும் அது பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்திருக்க வேண்டும். பல்மேல் பழைய சிமென்ட் அப்படியே இருந்தது. பல்லும் நல்ல பல், எனாமலும் இருந்தது, கடியும் சரி. அமிலம் போடும் 20 விநாடி வேலை ஒன்று ஒவ்வொரு முறையும் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த மனிதர் மூன்று தடவையும் தன் பல்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம். வெனீர் கழன்றால் அடுத்த சிமென்டைத் தேடுவதற்கு முன் உட்புறத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

### காரணங்கள், எளியதிலிருந்து

அது தற்காலிக வெனீர். இறுதி வெனீர் வரும்வரை ஒட்டிவைத்தது என்றால் லேசாகப் பிடிக்கும்படிதான் ஒட்டியிருப்பார்கள். போன் செய்து சொல்லுங்கள், பயம் வேண்டாம்.

பல் வெளுப்பு செய்த உடனே ஒட்டியது. பெராக்சைடு போட்டு வெளுத்த பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் சிமென்டை முழுதாக இறுக விடாது. சுமார் இரண்டு வாரம் கழித்து ஒட்டுவதுதான் வழக்கம். அந்த இடைவெளி இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. திரும்ப ஒட்டினால் சரியாகிவிடும்.

பொருத்திப் பார்த்தபோது பட்ட எச்சில். ஒட்டுவதற்கு முன் நிறம் பார்ப்பதற்காக வெனீரை வாயில் வைத்து எடுப்பார்கள். அப்போது படும் எச்சில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒட்டைக் கெடுத்துவிடும். லித்தியம் டைசிலிக்கேட் என்றால் 5% ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 விநாடி, நன்றாகக் கழுவல், பிறகு சிலேன் (பீங்கானையும் சிமென்டையும் இணைக்கும் திரவம்) ஒரு நிமிடம் என்பது நடைமுறை. ஜிர்கோனியா என்றால் 50 மைக்ரான் அலுமினா துகளைக் குறைந்த அழுத்தத்தில் பீய்ச்சி, எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்த பிரைமர் (சிமென்டுக்கு முன் பூசும் திரவம்) பூச வேண்டும். அதைச் சுத்தம் செய்ய பாஸ்பாரிக் அமிலம் போடக் கூடாது. பாஸ்பேட் ஜிர்கோனியாவைப் பிடித்துக்கொண்டு பிரைமருக்கு இடம் விடாது. இதையெல்லாம் நீங்கள் செய்யப் போவதில்லை. ஆனால் "ஒட்டுவதற்கு முன் உள்பக்கம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம், நல்ல மருத்துவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

கடி அந்தப் பல்மேல் விழுகிறது. சோதிக்கும் முறை அடுத்த அறிகுறியில்.

எனாமல் இல்லை. மெல்லிய தகட்டுக்கு நம்பகமான ஒட்டு எனாமலில்தான் கிடைக்கும். அளவுக்கு அதிகமாகச் செதுக்கிய பல், தேய்ந்த பல், வேர் வெளியே தெரியும் பல், பழைய பெரிய ஃபில்லிங் உள்ள பல் ஆகியவற்றில் வெனீர், எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின்மேல் உட்கார்ந்திருக்கும். டென்டின் ஈரம் உள்ளது, அசைவைக் கொஞ்சம் உள்வாங்குவது. அங்கே ஒட்டு சில வருடங்களில் தளரலாம். புதிதாகச் செய்யும்போது, செதுக்கிய அன்றைக்கே, அளவு எடுப்பதற்கு முன் டென்டினைப் பாண்டிங் (ஒட்டுத் திரவம்) பூசி மூடிவிடுவது நிலைமையை நிறைய மேம்படுத்தும். ஓரம் முழுக்க டென்டினில் நிற்கிறது என்றால் வெனீரையே கைவிட்டு முழு கேப் போட வேண்டி வரலாம். இந்தப் பட்டியலில் செலவு அதிகமானது இதுதான்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். சில நாளிலோ வாரத்திலோ கழன்றால் ஒட்டிய முறையில் தவறு என்று தேடத் தொடங்குவேன். பல வருடம் நின்ற பிறகு கழன்றால் சொத்தை, கடி, தேய்மானம் என்று தேடுவேன்.

### எப்போது நிறுத்துவது

இரண்டு முறை ஒட்டியும் மறுபடி கழன்றால் அதே இடத்தில் அதே மாதிரி மூன்றாவது முறை ஒட்டச் சம்மதிக்காதீர்கள். செயற்கைப் பல் சிறப்பு மருத்துவரிடம், அதாவது புராஸ்தோடான்டிஸ்டிடம், தகட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

## அறிகுறி 2: ஓரம் உடைந்துவிட்டது

### உடைந்தது எங்கே?

கடிக்கும் நுனியில் சிறு சில்லு. முதலில் பழக்கத்தைப் பாருங்கள். நகம் கடிப்பது, பேனா மூடியை மெல்வது, பல்லால் நூல் அறுப்பது, பாக்கெட் கிழிப்பது, ஐஸ் கட்டி கடிப்பது. இந்த விசையெல்லாம் ஒரு புள்ளியில் குவிகிறது. பழக்கத்தை விட்டு, சில்லைத் தேய்த்து மெருகேற்றினால் பெரும்பாலும் போதும்.

ஒரு மூலை மட்டும் திரும்பத் திரும்ப உடைகிறது. கடி. இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆள்காட்டி விரலின் சதைப்பற்றை அந்தப் பல்லின் வெளிப்பக்கம், பாதி ஈறிலும் பாதி பல்லிலுமாக மெதுவாக வையுங்கள். பற்களை லேசாகத் தட்டுங்கள், பத்து முறை. பிறகு கீழ்த்தாடையை இடமும் வலமும் தேயுங்கள். பக்கத்துப் பற்களிலும் இதையே செய்யுங்கள். ஒரு பல் மட்டும் விரலுக்கு அடியில் அதிர்ந்தாலோ வெளியே தள்ளினாலோ கடி அங்கேதான் அதிகம் விழுகிறது. மருத்துவர் இதையே வண்ணத்தாள் வைத்தும் மெல்லிய உலோகத் தகடு வைத்தும் உறுதி செய்வார். கடியைச் சரி செய்யத் தேய்த்த இடத்தைக் கட்டாயம் மெருகேற்ற வேண்டும். சொரசொரப்பான பீங்கான் எதிர்ப் பல்லை அரம் மாதிரி தின்றுவிடும்.

காலையில் தாடை களைப்பாக இருக்கிறது, கீழ்ப்பற்களின் நுனி தட்டையாகிவிட்டது, நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நைட் கார்டு (இரவில் பல்மேல் மாட்டும் காப்பு) இல்லாமல் புதிய வெனீர் போடுவது பணத்தைக் கரைப்பது மாதிரிதான். கடைகளில் கிடைக்கும் வெந்நீரில் இளக்கிப் போடும் மெத்தென்ற வகை சிலருக்கு மெல்லும் ஆசையைத்தான் கூட்டுகிறது. உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த கெட்டியான வகையைக் கேளுங்கள்.

ஈறு ஓரத்தில் உடைகிறது. அங்கே தகடு மிக மெல்லியது, அடியில் எனாமலும் குறைவு. ஸ்கேலிங் கருவியின் முனை நேராகப் பட்டும் உடையலாம். சுத்தம் செய்யப் போகும்போது எந்தெந்தப் பல்லில் வெனீர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய துண்டு போய்விட்டது. துண்டு கையில் இருந்தால் கொண்டுபோங்கள். பல்லுக்கு வெளியே ஆதரவில்லாமல் நீண்டிருந்த பீங்கான் நுனி உடைந்திருந்தால், புதியதைக் கொஞ்சம் குட்டையாகச் செய்வதுதான் தீர்வு. சுமார் 2 மி.மீ.க்கு மேல் நீட்டச் சொல்லி நாமே கேட்டிருக்கவும் கூடும்.

### பழுதுபார்ப்பா, மாற்றமா?

நடுத்தர உடைப்பை வாயிலேயே காம்போசிட் வைத்துச் சரி செய்யலாம். நிறம் சீக்கிரம் மாறும், மெருகு நிற்காது, ஆனால் ஒரு வேளையில் முடியும், நல்ல பல்லைத் தொட வேண்டியதில்லை. அந்த இடத்தில் பீங்கானை அரிக்கப் போடும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உதட்டையும் ஈறையும் சுட்டுவிடும். ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மறைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டிய பிறகுதான் அதைப் போட விட வேண்டும். நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து நீங்களே ஓரத்தைச் சமன் செய்ய முயல வேண்டாம். கூராக இருந்தால் மருத்துவரைப் பார்க்கும் வரை பல் மெழுகைக் கொஞ்சம் உருட்டி ஒட்டிவையுங்கள்.

## அறிகுறி 3: மெல்லிய கோடு தெரிகிறது

அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை பல்லின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். பிறகு நகத்தை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுங்கள்.

நகம் தடுக்கவில்லை, கோட்டில் நிறம் ஏறவில்லை, வலியும் இல்லை: அப்படியே விடலாம். நன்றாக ஒட்டிய வெனீரில் இப்படி ஒரு கோடு வருடக்கணக்கில் நகராமல் இருக்கும். மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். நீண்டால் போட்டோ காட்டிக்கொடுக்கும்.

நகம் தடுக்கிறது, அல்லது காபி, தேநீர் கறை கோட்டில் படிகிறது: அதன் வழியாக ஈரம் போகிறது. ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்.

வெளிச்சம் கோட்டின் ஒரு பக்கத்தோடு நின்று மறுபக்கம் இருட்டாக இருக்கிறது, கடித்து விடும்போது சுரீரென்று வலிக்கிறது: விரிசல் பீங்கானோடு நிற்காமல் பல்லுக்குள் போயிருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். பின்பல்லில் இதைத் தள்ளிப்போட்டால் பல்லையே இழக்க நேரிடும்.

கீழே விழவில்லை, எதையும் கடிக்கவில்லை, ஆனாலும் கோடு வந்தது என்றால் தகட்டுக்கு அடியில் சிமென்ட் அதிக தடிமனாக இருந்திருக்கலாம். மெல்லிய பீங்கானுக்கு அடியில் தடித்த சிமென்ட் சூட்டிலும் குளிரிலும் வேறு அளவில் விரிந்து சுருங்கி, மேலிருப்பதைப் பிளந்துவிடும். ஒரே வாயில் பல வெனீர்களில் இப்படி வந்தால் அவை சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

## அறிகுறி 4: கூச்சம், வலி

ஒட்டிய முதல் இரண்டு மூன்று வாரம், குளிர்ச்சி பட்டால் ஒரு நொடி கூச்சம். பொறுத்திருங்கள். கூச்சத்துக்கான பற்பசையை இரவில் விரலால் தடவிவிட்டுத் தூங்கலாம்.

ஓரத்தில் ஒரே இடத்தில், இனிப்புக்கும் குளிர்ச்சிக்கும். அந்த இடத்தில் ஓரம் திறந்திருக்கிறது, அல்லது ஈறு இறங்கி வேர் தெரிகிறது. கண்ணாடியில் பாருங்கள். வெனீரின் ஓரத்துக்கும் ஈறுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு பட்டை தெரிந்தால் இரண்டாவது. பல் தேய்க்கும் அழுத்தத்தைக் குறைத்து, மென்மையான பல் பிரஷ்ஷுக்கு மாறுங்கள். தெரியாவிட்டால் முதலாவது, மருத்துவர் பார்க்க வேண்டும்.

கடிக்கும்போது மட்டும். கடி உயரமாக இருந்தால் இரண்டே நிமிட வேலையில் தீரும். தீராவிட்டால் விரிசல் பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள்.

குளிர்ச்சி போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் வலி, தானாக வரும் வலி, இரவில் விண்விண்ணென்று எழுப்பும் வலி, வீக்கம். பல்லின் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. மாத்திரை போட்டு நாள் கடத்தாதீர்கள். ரூட் கெனால் தேவைப்படலாம். வெனீரை எடுக்காமலே பின்பக்கமாகத் துளையிட்டுச் செய்ய முடியுமா என்று கேளுங்கள், முன்பல்லில் பெரும்பாலும் முடியும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனை.

## அறிகுறி 5: நிறம் மாறிவிட்டது

ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு. மெருகேற்றினால் போனால் மேல் கறை, வேலை முடிந்தது. போகாவிட்டால் ஓரத்தில் சிமென்ட் கரைந்து இடுக்கு விழுந்திருக்கிறது. சின்னதாக இருந்தால் காம்போசிட் வைத்து அடைக்கலாம். அடியில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்காமல் அடைக்க விடாதீர்கள்.

ஒரு பல் மட்டும் உள்ளிருந்து சாம்பல் நிறமாகிறது. வெனீரை மாற்றத் தேவையில்லாமலும் இருக்கலாம். அடியில் பல்லின் நரம்பு இறந்திருக்கக் கூடும். பழைய அடி ஒன்று நினைவுக்கு வருகிறதா என்று யோசியுங்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். நரம்புக்குச் சிகிச்சை செய்து, பல்லை உள்ளிருந்து வெளுத்தால் பழைய வெனீரே மறுபடி நன்றாகத் தெரிவதுண்டு.

எல்லாமே மெல்ல மஞ்சளாகின்றன. மெல்லிய தகட்டுக்கு ஒளியில் மட்டும் இறுகும் சிமென்ட் வேண்டும். ஒளியிலும் தானாகவும் இறுகும் வகை சிமென்டுகளில் இருக்கும் அமீன் காலப்போக்கில் நிறம் மாறும், தகடு மெல்லியது என்பதால் அது வெளியே தெரியும். நிறத்தைத் திருப்ப மாற்றுவது ஒன்றே வழி. பலம் குறையவில்லை என்பதால் அவசரமில்லை.

பளபளப்பு போய் மங்கிவிட்டது. பீங்கான் என்றால் கரகரப்பான பற்பசையையும், அமிலத்தன்மை உள்ள ஃபுளோரைடு ஜெல்லையும் சந்தேகப்படுங்கள். அந்த ஜெல் பீங்கானை அரிக்கும். நடுநிலையான சோடியம் ஃபுளோரைடு கேளுங்கள். காம்போசிட் என்றால் இது எதிர்பார்த்ததுதான், அவ்வப்போது மெருகேற்றினால் போதும்.

## அறிகுறி 6: ஈறு சிவந்து ரத்தம் வருகிறது, ஃபிளாஸ் கிழிகிறது

இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஃபிளாஸை (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) இறக்கி, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். ஒரே இடத்தில் நூல் பிரிந்தால் அங்கே சிமென்ட் துளி மிச்சமிருக்கிறது, அல்லது ஓரம் துருத்தி நிற்கிறது. முதலாவதை எடுப்பது நிமிட வேலை. இரண்டாவதைத் தேய்த்துச் சமன் செய்யலாம், சமன் ஆகாத அளவு என்றால் வெனீர் பொருந்தவில்லை.

எல்லாப் பற்களிலும் ரத்தம் வந்தால் வெனீரைக் குறை சொல்ல வேண்டாம். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுங்கள்.

## அறிகுறி 7: பின்பல்லில் ஒட்டிய மெல்லிய ஆன்லே இரண்டாகப் பிளந்தது

ஆன்லே என்பது பின்பல்லின் மெல்லும் பரப்பை மூடும்படி ஒட்டும் தகடு. கடைவாய்ப் பல்லில் விழும் கடி முன்பல்லைப் போலப் பல மடங்கு. லித்தியம் டைசிலிக்கேட்டை எனாமலில் ஒட்டும்போது குறைந்தது 1 மி.மீ. தடிமன் வேண்டும். நடுப்பள்ளத்தில் அதைவிடக் குறைந்திருந்தால் பிளவு அங்கேயே வரும். உடைந்த துண்டின் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், மருத்துவரிடம் அளவு கருவியும் உண்டு.

தடிமன் சரியாக இருந்தும் பிளந்தால், அடியில் பாண்டிங் முழுதாக இல்லை. ஒட்டாத இடத்துக்கு மேல் நிற்கும் பீங்கான் பலகை மாதிரி வளையும், பீங்கானுக்கு வளையத் தெரியாது. மறுபடி செய்யும்போது இடம் போதவில்லை என்றால் பல்லை இன்னும் செதுக்குவதா, பொருளை மாற்றுவதா என்று பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். உலோக ஆன்லே மெல்லியதாக இருந்தாலும் தாங்கும் என்பதைப் பின்பல்லுக்கு நான் எப்போதும் சொல்லிப் பார்ப்பேன்.

## அறிகுறி 8: இறக்கை வைத்து ஒட்டிய பிரிட்ஜ் ஆடுகிறது

இந்தத் தலைப்பை மட்டும் வலி இல்லாவிட்டாலும் படியுங்கள். விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பற்களின் பின்பக்கம் மெல்லிய இறக்கை வைத்து ஒட்டும் பிரிட்ஜ் இரண்டு வகை. ஒரே பக்கம் இறக்கை இருந்தால் ஒட்டு விட்டதும் கையோடு வந்துவிடும், திரும்ப ஒட்டலாம். இரண்டு பக்கமும் இருந்தால் ஒரு பக்கம் விட்டாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியே எதுவும் தெரியாது. விட்ட இறக்கைக்கு அடியில் எச்சிலும் உணவும் தேங்கி, பல் வலியில்லாமல் அரிக்கப்படும்.

சோதனை எளிது. இறக்கை உள்ள பல்லைத் துடைத்து, நாக்கால் லேசாக ஈரப்படுத்துங்கள். செயற்கைப் பல்லை விரலால் அழுத்தி விடுங்கள். இறக்கையின் ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்து மறைந்தால் அந்தப் பக்கம் விட்டுவிட்டது. உடனே போங்கள். சொத்தை வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டால், விட்ட இறக்கையை அறுத்தெடுத்து ஒற்றை இறக்கைப் பிரிட்ஜாகவே வைத்துக்கொள்ள முடியும். முன்பற்களில் அது நன்றாகவே நிற்கும். சொத்தை ஆழமாக இருந்தால் பிரிட்ஜையும் இழந்து, நல்ல பல்லுக்கும் சிகிச்சை செய்ய வேண்டி வரும்.

## மருத்துவரிடம் போகும்போது

கழன்ற தகட்டை அதே டப்பாவில், உட்புறத்தைத் தொடாமல். பொருளின் பெயரும் சிமென்டின் பெயரும் எழுதிய தாள். எப்போது ஒட்டியது, இதற்கு முன் எத்தனை முறை கழன்றது, கழன்றபோது வெறும் வாயா, எதையாவது கடித்துக்கொண்டிருந்தீர்களா. நைட் கார்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்பது கடியைக் காட்டும். ஒட்டி முடித்ததும் எழுந்து கிளம்பிவிடாமல், நேராக உட்கார்ந்து, தாடையை எல்லாப் பக்கமும் தேய்த்துப் பாருங்கள். நாற்காலியில் படுத்திருக்கும்போது கடி ஒரு மாதிரி, உட்கார்ந்தால் வேறு மாதிரி விழும். மரத்துப்போன உதடு தெளிந்த பிறகு ஏதாவது தடுக்கிற மாதிரி இருந்தால் மறுநாளே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.